ஆட்டின் இரத்தம் குடிக்கும் புழு

திருவனந்தபுரம் மாவட்டத்தில் நெய்யாற்றின்கரை, பாறசாலை, நெடுமங்காடு பக்கம் போனால், பல வீடுகளின் பின்புறத்தில் ஓர் ஆட்டுக்கூடு இருக்கும். அதில் இரண்டு ஆடு, மூன்று குட்டி நிற்கும். வளர்ப்பவர்கள் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். பள்ளிக்கூடம் திறக்கும் மாதத்தில் ஒரு கிடாவை விற்பார்கள். ஆசுபத்திரிச் செலவு வந்தால் ஒரு குட்டியை விற்பார்கள். வங்கியில் போடப் பணம் இல்லாதவர்களுக்கு ஆடுதான் சேமிப்பு.

அந்தச் சேமிப்பை உள்ளே இருந்து தின்கிறது ஒரு புழு. அதன் நீளம் இரண்டு அல்லது மூன்று சென்டிமீட்டர். தடிப்பு தையல் நூல் அளவுதான். மழைக்காலத்தில் ஆடு செத்தால் நாம் காய்ச்சல் என்கிறோம், கண்ணேறு என்கிறோம், விஷப்பூண்டு தின்றது என்கிறோம். பல தடவை காரணம் இந்தப் புழுதான்.

பாறசாலைக்கு அருகில் ஓர் அக்கா. குடும்பஸ்ரீ அயல்கூட்டத்தில் கடன் வாங்கி இரண்டு மலபாரிப் பெட்டை ஆடுகள் வாங்கியிருந்தார். துலாவருஷ மழை பெய்துகொண்டிருந்த நாட்களில் ஒன்று செத்துப்போனது. "வயிறு போகவில்லை தம்பி. காய்ச்சலும் இல்லை. நேற்று சாயந்தரம்கூடப் பிலாவிலை தின்றது" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கால்நடை மருத்துவர் வந்தார். செத்த ஆட்டை அறுத்து, வயிற்றின் ஒரு பகுதியைத் திறந்து காட்டினார். நாங்கள் நாலைந்து பேர் சுற்றி நின்றோம். உள்ளே சிவப்பு நூலை வெட்டிப் போட்டது போல நூற்றுக்கணக்கில் கிடந்தது. சில இன்னும் நெளிந்தன. ஆட்டின் இறைச்சியோ வெளிறிப்போய் இருந்தது. "இரத்தம் எல்லாம் எங்கே போனது என்று கேட்டீர்களே. இதோ, இங்கே போயிருக்கிறது" என்றார் மருத்துவர்.

ஒரு சொட்டுக் கணக்கு

ஆட்டுக்கு வயிறு நான்கு அறைகளாக இருக்கிறது. தின்ற தழை முதல் அறையில் தங்கும். அதைத்தான் ஆடு வாய்க்குக் கொண்டுவந்து அசைபோடுகிறது. நான்காவது அறையில்தான் நம் வயிற்றில் நடப்பதுபோலச் செரிமானம் நடக்கிறது. நாம் 'குடற்புழு' என்று பொதுவாகச் சொன்னாலும், ஆட்டைக் கொல்லும் இந்தப் புழு குடிருப்பது குடலில் அல்ல, அந்த நான்காவது அறையில். மருத்துவர்கள் இதை ஹீமாங்கஸ் என்று சொல்வார்கள். வயிற்றின் சுவரைத் துளைத்து இரத்தம் குடிக்கும்.

எவ்வளவு குடிக்கும்? ஒரு புழு ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு சொட்டு. இருபது சொட்டு சேர்ந்தால் ஒரு மில்லி. ஒரு சொட்டுதானே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஆட்டின் வயிற்றில் 1,000 புழு இருக்கிறது என்று வையுங்கள். மழைக்காலத்தில் இது அபூர்வம் அல்ல. 1,000 புழு, 1,000 சொட்டு. அதாவது 50 மில்லி. ஒரு நாளைக்குச் சின்னத் தேநீர்க் கிளாசில் அரைக் கிளாஸ் இரத்தம். 20 கிலோ ஆட்டின் உடம்பில் மொத்தமாக உள்ள இரத்தமே ஏறத்தாழ ஒன்றேகால் லிட்டர்தான். இருபத்தைந்து நாளில் புழு குடித்த இரத்தமும் அதே அளவு ஆகிவிடும்.

ஆடு சும்மா இருப்பதில்லை. தின்கிற தீனியில் இருந்து புது இரத்தம் ஊறிக்கொண்டே இருக்கும். அதனால்தான் பல வாரம் தாங்கி நிற்கிறது. நல்ல தீனி கிடைத்த ஆடு இன்னும் கொஞ்ச நாள் கூடுதலாகத் தாங்கும். குட்டியும், பால் கொடுக்கும் தாயும், சினை ஆடும் சீக்கிரம் தளர்ந்துவிடும். ஒரு நாள் வரவை விடச் செலவு அதிகமாகிவிடுகிறது. அன்று ஆடு படுத்தால் எழுந்திருப்பதில்லை. நேற்றுவரை தின்றதே என்று நாம் திகைப்பது இதனால்தான்.

இன்னொரு விஷயம். புழு என்றால் வயிறு போகும் என்று நாம் நினைக்கிறோம். இந்தப் புழு இருந்தால் பெரும்பாலும் வயிறு போகாது. புழுக்கை வழக்கம்போல உருண்டையாகவே இருக்கும். கழிச்சல் வரட்டும், அப்புறம் மருந்து வாங்கலாம் என்று காத்திருந்தால் காலம் கடந்துவிடும்.

நாம் பயப்படும் புழு வேறு. சில நேரம் புழுக்கையில் சோற்றுப் பருக்கை போல வெள்ளையாக ஒட்டியிருக்கும். அது நாடாப்புழுவின் துண்டு. கண்ணுக்குத் தெரிவதால் வீட்டில் எல்லோரும் பதறுவார்கள். குட்டிகளுக்கு அது கொஞ்சம் தொந்தரவு கொடுக்கும், உண்மைதான். ஆனால் வளர்ந்த ஆட்டை அது கொல்வது அரிது. கொல்கிற புழு புழுக்கையில் தெரிவதே இல்லை.

புழு எங்கிருந்து வருகிறது?

ஒரு பெண் புழு நாளொன்றுக்கு 5,000 முதல் 10,000 வரை முட்டை இடும். ஆட்டின் வயிற்றில் 500 பெண் புழு இருந்தால், குறைந்த கணக்கில் பார்த்தாலும் ஒரு நாளைக்கு 25 லட்சம் முட்டை. எல்லாம் புழுக்கையோடு சேர்ந்து நிலத்தில் விழுகிறது. முட்டை கண்ணுக்குத் தெரியாது.

சூடும் ஈரமும் இருந்தால் முட்டை ஒன்றிரண்டு நாளில் பொரிக்கும். குஞ்சுப் புழு புழுக்கையைத் தின்று வளரும். ஏறத்தாழ ஒரு வாரத்தில் ஆட்டுக்குள் போகத் தயாராகிவிடும். பிறகு மழைநீரோ பனியோ புல்லில் படர்ந்திருக்கும்போது, அந்த ஈரத்தில் நீந்தி இலைமேல் ஏறி நிற்கும். ஆடு அந்தப் புல்லைக் கடிக்கும்போது புழுவும் உள்ளே போகும். மூன்று வாரத்தில் பெரிதாகி அதுவும் முட்டையிடத் தொடங்கும்.

எங்கள் மாவட்டத்துக்கு இரண்டு மழை உண்டு. ஜூன் மாதத்தில் இடவப்பாதி. அக்டோபர், நவம்பரில் துலாவருஷம். இடையிலும் மண் முழுக்கக் காய்வதில்லை. இராமநாதபுரத்தில் வெயில் பொட்டலைக் காயவைத்துப் பல கோடிக் குஞ்சுப் புழுக்களைக் கொன்றுவிடும். நமக்கு அந்த வெயிலின் உதவி தை மாதத்துக்குப் பிறகுதான் கிடைக்கிறது. பச்சைப் புல் நிறைய இருக்கிறது என்று நாம் சந்தோஷப்படும் மாதங்களே புழுவுக்கும் நல்ல மாதங்கள்.

மழை நாட்டுக்கு ஒரு நன்மையும் உண்டு. புல்லில் ஏறி நிற்கும் குஞ்சுப் புழு எதையும் தின்ன முடியாது. அதன் உடம்பைச் சுற்றி ஓர் உறை இருக்கிறது. உடம்பில் சேர்த்து வைத்ததை மட்டும் செலவழித்து உயிர் வாழ வேண்டும். குளிர் நாடுகளில் அது மாதக்கணக்கில் தாங்கும். நம்மைப் போன்ற சூடான ஊரில் சீக்கிரமே செலவழித்துத் தீர்த்துவிட்டுச் செத்துப்போகும்.

பசிபிக் கடலில் டோங்கா என்று ஒரு தீவு நாடு. அங்கும் சூடு, அங்கும் மழை. 1990களில் அங்கே ஆராய்ச்சியாளர்கள் இந்தக் குணத்தைப் பயன்படுத்தினார்கள். ஆடு மேயும் இடத்தைப் பத்துத் துண்டாக வேலியிட்டுப் பிரித்தார்கள். ஒவ்வொரு துண்டிலும் மூன்றரை நாள்தான் மேய விட்டார்கள். போட்ட முட்டை பொரித்துப் புழு புல்லில் ஏறுவதற்கு முன்பே ஆடு அடுத்த துண்டுக்குப் போய்விடும். திரும்பி வரும்போது ஒரு மாதம் ஆகிவிடும். அதற்குள் பெரும்பாலான புழுக்கள் செத்திருக்கும். அந்த ஆடுகளுக்குப் புழு மருந்து கொடுக்க வேண்டிய தேவை வெகுவாகக் குறைந்தது.

முளையை மாற்றுங்கள்

ஐந்து சென்ட் நிலத்தில் வீடும் கிணறும் போக மிச்சம் உள்ள இடத்தில் பத்து வேலி எங்கே போடுவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நம்மிடம் வேலி இல்லை. ஆனால் முளையும் கயிறும் இருக்கின்றன.

நாம் என்ன செய்கிறோம்? ஒரே தென்னையில், ஒரே முளையில் தினமும் ஆட்டைக் கட்டுகிறோம். கயிறு எட்டும் வட்டத்துக்குள் ஆடு மேய்கிறது. அதே வட்டத்தில் புழுக்கை போடுகிறது. அடுத்த வாரம் அங்கேயே துளிர்த்த குட்டைப் புல்லைக் கடிக்கிறது. தான் போட்ட முட்டையைத் தானே தின்பது போலத்தான்.

ஆகவே முளையை மாற்றுங்கள். ஓர் இடத்தில் மூன்று நாளுக்கு மேல் கட்ட வேண்டாம். விட்ட இடத்துக்கு ஒரு மாதம் கழியாமல் திரும்ப வேண்டாம். சாலையோரம், வயல் வரப்பு, பக்கத்து வீட்டுக்காரரின் ரப்பர்த் தோட்டம் என்று கேட்டுப் பார்த்தால் இடம் கிடைக்கும். ஆனால் பக்கத்து வீட்டு ஆடும் அங்கே மேய்கிறதா என்று பாருங்கள். புழுவுக்கு எந்த வீட்டு ஆடு என்ற பேதம் கிடையாது.

காலையில் பனி காய்ந்த பிறகே அவிழ்த்து விடுங்கள். மழைக்காலத்தில் அறுத்துப் போடுவது நல்லது. புல்லை அடியோடு அறுக்காமல் நாலு விரல் உயரம் விட்டு அறுங்கள். புழு பெரும்பாலும் தரையை ஒட்டிய பகுதியில்தான் இருக்கும். அறுத்த புல்லைச் சற்று வாட விட்டுக் கொடுங்கள்.

உண்மையில் வெள்ளாடு புல் மேயப் பிறந்த பிராணி அல்ல. தலையைத் தூக்கி, முன்காலை மரத்தில் ஊன்றி, தழை கடிப்பதுதான் அதன் சுபாவம். உயரத்தில் உள்ள தழையில் இந்தப் புழு இருக்காது. அதனால்தானோ என்னவோ, புழுவை எதிர்த்து நிற்கும் சக்தி செம்மறியாட்டை விட வெள்ளாட்டுக்குக் குறைவு. அதைக் கயிற்றில் கட்டிக் குட்டைப் புல்லைக் கடிக்க வைத்தது நாம்தான். பிலாவிலை, அகத்தி, கல்யாண முருங்கைத் தழையை ஆட்டின் தலை உயரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். கீழே போட்டால் பாதியை மிதிக்கும், மீதியைப் புழுக்கையோடு தின்னும். மரச்சீனி இலையை மட்டும் பச்சையாகக் கொடுக்காதீர்கள். அது விஷம். அதற்குப் புழு தேவையில்லை, அந்த இலையே ஆட்டைக் கொன்றுவிடும்.

கேரளத்தில் ஆட்டுக்கூட்டைத் தூக்கிக் கட்டும் வழக்கம் உண்டு. கால் நட்டு, மேலே கமுகு அல்லது மூங்கில் பட்டியலை இடைவெளி விட்டு அடித்துத் தளம் போடுவார்கள். புழுக்கையும் மூத்திரமும் கீழே விழுந்துவிடும். ஆடு காய்ந்த இடத்தில் படுக்கும். இடைவெளி, புழுக்கை விழும் அளவுக்கு இருக்க வேண்டும், குட்டியின் கால் மாட்டும் அளவுக்கு இருக்கக் கூடாது. ஒரு விரல் அகலம் போதும். மண் தரையில் ஆடு கட்டுபவர்கள் கடன் வாங்கியாவது இதைச் செய்யலாம் என்பது என் எண்ணம். இரண்டாவது ஆடு வாங்குவதற்கு முன்பே இதைச் செய்யலாம்.

குட்டிகளுக்கு இது இன்னும் முக்கியம். மூன்று வாரம் முதல் ஐந்து மாதம் வரையுள்ள குட்டிகளுக்கு இரத்தக் கழிச்சல் என்று ஒரு நோய் வரும். அது புழு அல்ல, கண்ணுக்குத் தெரியாத வேறொரு சின்ன உயிர். குடலில் பெருகும். ஈரமான, நெருக்கமான தரையில் பரவும். புழு மருந்து அதைத் தொடவே தொடாது. அதற்கு மருத்துவர் வேறு மருந்து தருவார். குட்டிக்குக் கழிச்சல் என்றதும் வீட்டில் இருக்கும் புழு மருந்தை எடுத்து ஊற்றுவது வீண்.

கண்ணைப் பாருங்கள்

புழு கண்ணுக்குத் தெரியாது, கழிச்சலும் வராது என்றால் எப்படித்தான் தெரிந்துகொள்வது? ஆட்டின் கண் சொல்லிவிடும்.

நல்ல வெளிச்சத்தில் ஆட்டைப் பிடியுங்கள். ஒரு கட்டை விரலால் மேல் இமையை மெல்ல அழுத்தி, இன்னொரு கட்டை விரலால் கீழ் இமையை இறக்குங்கள். இமையின் உள்பக்கம் தெரியும். நல்ல சிவப்பாக இருந்தால் இரத்தம் இருக்கிறது. இளஞ்சிவப்பாக இருந்தால் கவனம் தேவை. வெளிறி, வெள்ளைத் துணி போல இருந்தால் ஆபத்து. அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

இது தென்னாப்பிரிக்காவில் 1990களில் கால்நடை மருத்துவர்கள் முறைப்படுத்திய வழி. ஐந்து நிறம் அச்சிட்ட ஓர் அட்டையை இமையோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். முதலில் செம்மறியாட்டுக்கு வந்தது, பிறகு வெள்ளாட்டுக்கும் பயன்பட்டது. அட்டை இல்லாவிட்டாலும் கண் இருக்கிறது. மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை எல்லா ஆட்டின் இமையையும் பாருங்கள். ஒரு நோட்டில் தேதியும் ஆட்டின் பெயரும் நிறமும் எழுதி வையுங்கள். போன தடவை சிவப்பு, இந்தத் தடவை வெளிறல் என்று எழுத்தில் பார்த்தால்தான் வித்தியாசம் பிடிபடும்.

இன்னொரு அடையாளம் கீழ்த்தாடை. இரத்தம் குறைந்த ஆட்டுக்குத் தாடையின் கீழ் நீர் கோத்துப் பை போலத் தொங்கும். பூச்சி கடித்தது என்று சிலர் மஞ்சள் தடவுவார்கள். தடவுவதால் கெடுதல் இல்லை, ஆனால் தாடையைப் பார்ப்பதை விட்டு இமையைப் பார்க்க வேண்டும். கண் வெளிறுவதற்கு வேறு காரணங்களும் உண்டு. உண்ணி அதிகமானாலும் வெளிறும். வயல், வாய்க்கால் ஓரத்தில் மேயும் ஆட்டுக்கு நத்தை வழியாக ஈரலில் தட்டைப்புழு வந்தாலும் வெளிறும். அதற்கு மருந்து வேறு. ஆகவே புழுக்கையைப் பரிசோதிப்பது நல்லது.

கேரளத்தில் பெரும்பாலான பஞ்சாயத்துகளில் கால்நடை மருத்துவமனை உண்டு. திருவனந்தபுரம் மாவட்டத்திலேயே பாலோட்டில் விலங்கு நோய்களுக்கான மாநில நிறுவனம் இருக்கிறது. சூடு ஆறாத புதுப் புழுக்கையில் பத்துப் பன்னிரண்டை எடுத்து, சின்ன டப்பாவில் அடைத்து, ஆட்டின் வயதை எழுதி அன்றே கொண்டுபோங்கள். வைத்திருந்து கொண்டுபோனால் முட்டை பொரித்துவிடும், எண்ண முடியாது. புழுக்கையைக் கெட்டியான உப்புக் கரைசலில் கரைப்பார்கள். முட்டை மேலே மிதந்து வரும். அதை நுண்ணோக்கியில் பார்த்து எண்ணுவார்கள்.

மருந்து கொடுக்கும்போது

முன்பெல்லாம் மாதம் ஒரு தடவை எல்லா ஆட்டுக்கும் மருந்து ஊற்றுங்கள் என்று சொல்வதுண்டு. இப்போது அப்படிச் சொல்வதில்லை. ஏன் தெரியுமா?

1961இல் தையாபென்டசோல் என்ற மருந்து வந்தது. புழுத் தொல்லை தீர்ந்தது என்று உலகமே மகிழ்ந்தது. மூன்றே ஆண்டில் அந்த மருந்துக்குச் சாகாத ஹீமாங்கஸ் புழுவைக் கண்டார்கள். அதற்குப் பிறகு வந்த மருந்துகளுக்கும் இதே கதி. ஐவர்மெக்டின் என்ற மருந்து ஜப்பான் நாட்டு மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரில் இருந்து கிடைத்தது. அதைக் கண்டுபிடித்த இருவருக்கு 2015இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அந்த மருந்தையும் தாங்கும் புழுக்கள் இன்று பல நாடுகளில் இருக்கின்றன. மருந்துக்கு அடங்காத புழுக்களைக் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் ஆட்டுப் பண்ணைகளில் கண்டிருக்கிறார்கள்.

இது எப்படி நடக்கிறது? ஆயிரம் புழுவில் ஐந்தாறு புழு மருந்தைத் தாங்கும். மருந்து கொடுத்ததும் மற்றவை சாகும், இவை மிஞ்சும். அடுத்த முட்டை எல்லாம் இவை இட்டவையே. மாதந்தோறும் எல்லா ஆட்டுக்கும் ஊற்றினால், தாங்கும் புழுவை நாமே பொறுக்கி வளர்க்கிறோம். வெளிறிய ஆட்டுக்கு மட்டும் கொடுத்தால், மற்ற ஆடுகளில் மருந்து காணாத சாதாரணப் புழுக்களும் இருக்கும். அவை இவற்றோடு கலந்துவிடும். மருந்தும் நீண்ட காலம் வேலை செய்யும்.

அளவு குறைந்தாலும் இதே ஆபத்துதான். ஒரு பாட்டிலை நான்கு ஆட்டுக்குப் பங்கு வைப்பதைப் பல இடத்தில் பார்க்கலாம். நாலும் பிழைக்காது, புழு மட்டும் பழகிக்கொள்ளும். வெள்ளாட்டின் உடம்பு மருந்தை வேகமாகக் கரைத்துவிடும். அதனால் செம்மறியாட்டின் அளவு பல மருந்துகளில் வெள்ளாட்டுக்குப் போதாது. கடைக்காரரிடம் கேட்காதீர்கள், மருத்துவரிடம் கேளுங்கள். எடை தெரியாமல் அளவு சொல்ல முடியாது. தராசு இல்லையா? ஆள் நிற்கும் எடை இயந்திரத்தில் ஆட்டைத் தூக்கிக்கொண்டு நில்லுங்கள். பிறகு தனியாக நில்லுங்கள். 71 கிலோவில் 52 கிலோவைக் கழித்தால் ஆடு 19 கிலோ.

மருந்தை மாற்றிக் கொடுப்பது என்றால் பாட்டிலின் பெயரை மாற்றுவது அல்ல. அல்பென்டசோலும் பென்பென்டசோலும் ஒரே குடும்பம். ஒன்றைத் தாங்கும் புழு மற்றதையும் தாங்கும். லெவாமிசோல் வேறு குடும்பம். ஐவர்மெக்டின் இன்னொன்று. போன தடவை கொடுத்த மருந்தின் பெயரை நோட்டில் எழுதி வைத்திருந்தால் மருத்துவருக்கு உதவும். சினையின் தொடக்க மாதங்களில் அல்பென்டசோல் கூடாது, குட்டி ஊனமாகலாம். ஆடு சினையா என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். குட்டி போடும் சமயத்தில் தாயின் வயிற்றில் உள்ள புழுக்கள் அதிக முட்டை இடும். அந்த நாட்களில் தாய்க்கு மருந்து தேவையா என்று கேட்டு வையுங்கள்.

ஊற்றும்போது தலையை வானம் பார்க்கத் தூக்காதீர்கள். மருந்து மூச்சுக்குழாயில் போனால் ஆடு அங்கேயே சாகலாம். தலை சாதாரணமாக நிற்கட்டும். ஊசி இல்லாத சிரிஞ்சியைக் கடைவாயில் வைத்து, நாக்கின் பின்பக்கம் மெல்ல விடுங்கள். இருமினால் நிறுத்துங்கள். பாட்டிலில் உள்ள தேதியைப் படியுங்கள். எத்தனை நாள் பால் கறந்து குடிக்கக் கூடாது, எத்தனை நாள் அறுக்கக் கூடாது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பூண்டு, வேப்பிலை, பப்பாளி விதை என்று கைவைத்தியம் சொல்வார்கள். கண் சிவந்திருக்கும் ஆட்டுக்குக் கொஞ்சம் கொடுப்பதில் எனக்கு மறுப்பு இல்லை. இமை வெள்ளையான ஆட்டுக்கு அதைக் கொடுத்துப் பார்த்துக்கொண்டு இருக்க நேரம் கிடையாது. மருந்தோடு சேர்த்து அந்த ஆட்டுக்கு நல்ல தீனி வேண்டும். புண்ணாக்கு, தழை, தாது உப்பு. புழு செத்தாலும் போன இரத்தம் தீனியில் இருந்துதானே ஊற வேண்டும்.

பாறசாலை அக்காவின் இரண்டாவது ஆட்டின் இமையை மருத்துவர் அன்றே பார்த்தார். வெளிறல்தான், ஆனால் வெள்ளை இல்லை. மருந்து கொடுத்தார். முளையை மாற்றச் சொன்னார். இரண்டு வாரம் கழித்து இமையில் நிறம் வந்துவிட்டது. மாசி மாதத்தில் அது இரண்டு குட்டி போட்டது.

கூட்டின் கீழே விழும் புழுக்கையை வாரம் ஒரு முறை வாரிக் குவியுங்கள். ஓலை போட்டு மூடுங்கள். குவியல் உள்ளுக்குள் சூடாகும், முட்டையும் குஞ்சுப் புழுவும் அந்தச் சூட்டில் சாகும். நன்றாக மக்கியதும் வாழைக்கும் மரச்சீனிக்கும் போடலாம். மக்காத புழுக்கையை ஆட்டுக்கு அறுக்கும் புல்லில் மட்டும் கொட்ட வேண்டாம்.